வாசலில் ஒரு சிட்டிகை உப்பு

மார்ச் 2, ஞாயிறு

முதலில் என் கையெழுத்துக்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு வரி குண்டாகவும் அடுத்த வரி ஒல்லியாகவும் போகிறது. கோட்டின் மேல் உட்காரச் சொன்னால் சில எழுத்துகள் கோட்டைப் பிடித்துக்கொண்டு கீழே தொங்குகின்றன. ஆசிட் பட்ட வலது பெருவிரல் மடங்காது. மற்ற நான்கு விரல்களால்தான் பேனாவைப் பிடிக்கிறேன். ஒரு பக்கம் முடிய ஒரு காலைப்பொழுது போய்விடும். நீ பொறுத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

நீ என்றால் என் மகள் சுகந்தியின் வயிற்றில் இருக்கும் பிள்ளை. ஆறாம் மாதம் நடக்கிறது. எங்கள் வார்டு அங்கன்வாடியில் ஞாயிறு காலை பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித்தருகிறார்கள். "யாருக்காவது சொல்ற மாதிரி வாரா வாரம் எழுதுங்க. என்ன எழுதினீங்கன்னு படிக்க மாட்டேன், எழுதினீங்களான்னு மட்டும் பாப்பேன்" என்று ஜெசிந்தா டீச்சர் சொன்னார். சிலர் சாமிக்கு எழுதினார்கள். சாமிக்கு ஏற்கெனவே எல்லாம் தெரியும். அதனால் நான் உனக்கு எழுதுகிறேன்.

என் பெயர் அங்கமுத்து. உனக்குத் தாத்தா. வயது அறுபத்தெட்டு. போன வருஷம் வரை கைநாட்டு.

பக்கத்தில் உட்காரும், எங்கள் பட்டறையிலேயே வேலை செய்யும் பச்சியம்மாள் எட்டிப் பார்த்தாள். "என்னண்ணா, கோழி கெளறுன குப்பை மாதிரி இருக்குது."

"உன்னுது மட்டும் என்ன, ஒவ்வொரு எழுத்தும் மாவிளக்கு மாதிரி ஊதிக்கிட்டு நிக்குது."

"ஊதுனாலும் நிக்குதில்ல? உங்களுது படுத்துக்கிச்சு."

டீச்சர் சிரித்துவிட்டார். எனக்கு இன்று முழுவதும் சந்தோஷம்.

மார்ச் 4, செவ்வாய்

எங்கள் பட்டறை வாசலில் சிவப்பாக ஒரு பலகை உண்டு. முப்பது வருஷமாக அதன் கீழேதான் செருப்பைக் கழற்றிவிடுகிறேன். முதலாளியின் குடும்பப் பெயர் என்று நினைத்திருந்தேன். இன்று எழுத்துக் கூட்டிப் படித்தேன். அபாயம். அப்படியே நின்றுகொண்டிருந்தேன்.

இது சேலத்தில் கொலுசுக்காரர்களுக்கு வெள்ளியைச் சுத்தம் செய்து தரும் பட்டறை. நான் தொட்டியில் நின்றவன். நெஞ்சு ஆசிட் புகையில் கெட்டுப்போனதும் முதலாளி ரத்தினவேல் என்னை வாசலில் உட்கார வைத்தார். என் இடத்துக்கு உன் அப்பா மாதேஷ் வந்தார். நான்தான் சேர்த்துவிட்டேன். தினமும் பத்து மணிக்கு அவர்தான் எனக்கு டீ கொண்டுவந்து கொடுத்து, ஐந்து நிமிஷம் பேசிவிட்டுப் போவார். நல்ல மாப்பிள்ளை.

வாசலில் என் வேலை உப்புப் போடுவது. வெள்ளி கரைந்த தண்ணீர், சுத்த வெள்ளியாக இருந்தால், பார்ப்பதற்குக் குடிதண்ணீர் மாதிரியே இருக்கும். குடிக்கிற பாட்டிலில் ஊற்றிக்கொண்டு ஒருவன் வெளியே போய்விடலாம். அதனால் சாயங்காலம் ஒவ்வொருவரும் தம் பாட்டிலிலிருந்து கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் ஊற்ற வேண்டும். நான் ஒரு சிட்டிகை உப்புப் போடுவேன். தண்ணீர் தெளிவாக இருந்தால் வீட்டுக்குப் போகலாம். வெள்ளி இருந்தால் அந்த நிமிஷமே பாலாகத் திரிந்துவிடும். உப்பை ஏமாற்ற முடியாது.

அந்த உப்பு டப்பாவுக்கு இன்று நானே ஒரு காகிதம் எழுதி ஒட்டினேன். உப்பு. மூன்றே எழுத்து. எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் தெரியுமா? இதுவரை தினமும் காலையில் நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் உப்பு என்று உறுதி செய்துகொள்வேன். இனி அந்த வேலை இல்லை. எழுதியே இருக்கிறது.

மார்ச் 6, வியாழன்

தாத்தா என்ன வேலை செய்தார் என்று நீ கேட்பாய். சொல்கிறேன்.

ஆசிட்டில் மூன்று சாதி. நைட்ரிக் என்கிறார்களே அந்த வெடி ஆசிட்டில் வெள்ளியைப் போட்டால் சிவந்த புகை கிளம்பும், வெள்ளி காணாமல் போகும். பயப்படக் கூடாது. அது தண்ணீருக்குள் இருக்கிறது. அதே தண்ணீரில் உப்பு ஆசிட்டை, கக்கூஸ் கழுவ விற்கிறார்களே அதைத்தான், மெல்ல ஊற்றினால் வெள்ளி திரும்பி வரும். ஆனால் வெள்ளியாக வராது. தயிராக வரும். கட்டி கட்டியாகத் தயிர் உறைந்து அடியில் இறங்கும். நாங்கள் அதைத் தயிர் என்றே சொல்லுவோம். கந்தக ஆசிட்டை ஊற்றினால் தயிர் விழாது, வெள்ளை மணல் மாதிரி கொஞ்சம் மினுங்கும், அவ்வளவுதான். வெள்ளிக்கும் உப்புக்கும்தான் அந்த உறவு. குனிந்து பார்க்கும்போது நெற்றி வியர்வை ஒரு சொட்டு விழுந்தாலும் போதும், வியர்வையில் இருக்கிற உப்புக்கே தொட்டியில் ஒரு வெள்ளை இழை ஓடும்.

தயிரைக் கழுவிக் கழுவி ஆசிட்டைப் போக்குவது பச்சியம்மாள் வேலை. பிறகு உருக்குவார்கள். தயிரை மூடிவைக்க வேண்டும். வெளிச்சம் பட்டால் ஊதாவாகி, நாவல் பழ நிறமாகி, கறுத்துவிடும். அந்த நிறம் துணியில் பட்டாலும் வாளியில் பட்டாலும் தேய்த்தால் போகாது. எங்கள் எல்லோர் விரலும் அப்படித்தான்.

தயிர் விழுவதைப் பார்க்க எனக்கு அலுத்ததே இல்லை. இன்று அதை எழுதியும் விட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

சுகந்தி வீட்டில் சாப்பாடு. நெத்திலிக் குழம்பு. நீ உதைக்கிறாயாம். உன் அப்பா புது பாட்டில் வாங்கியிருக்கிறார், நீல நிறம், பெரியது. வெயில் காலத்தில் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்றார்.

மார்ச் 11, செவ்வாய்

முதலாளி வாசலுக்கு வந்து என் பக்கத்தில் நின்றார். அவர் நிற்பது வழக்கமில்லை.

"அங்கமுத்து, வெள்ளி கொறையுது. கரைக்கறது ஒரு எடை, உருக்கி வர்றது ஒரு எடை. அஞ்சாறு நாளா."

"தொட்டியில ஏதாச்சும் விரிசல் விட்டிருக்குமுங்களா?"

"பாத்தாச்சு. வாசல்ல தண்ணி எப்படி?"

"தெளிவா இருக்குதுங்க. ஒருத்தர் பாட்டில்கூட மங்கல."

"நிச்சயமா?"

"உப்பு பொய் சொல்லாதுங்க."

அவர் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். பெருமையாக இருந்தது.

மார்ச் 13, வியாழன்

உப்பு டப்பாவில் எறும்பு. மூடியைச் சுற்றி வரிசை கட்டிப் போகிறது. இத்தனை வயதில் உப்புக்கு எறும்பு வந்து நான் பார்த்ததில்லை. வெயில் கொடுமையில் அவற்றுக்கும் புத்தி மாறிவிட்டது போலிருக்கிறது. ஊதித் தள்ளிவிட்டு மூடினேன்.

மார்ச் 15, சனி

இன்று நடந்ததை எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

மத்தியானம் முதலாளி எல்லோரையும் முற்றத்தில் நிறுத்தினார். "தண்ணியில வெள்ளி போவல. வாசல்ல அங்கமுத்து பாக்கறாரு. தண்ணியில போவலன்னா தயிராத்தான் போயிருக்கணும். தயிரத் தொடறது ஒரே ஆளு" என்றார்.

எல்லோரும் பச்சியம்மாளைப் பார்த்தோம்.

அவள் முதலில் சிரித்தாள். விளையாட்டு என்று நினைத்திருக்கிறாள். "என்னங்க மொதலாளி, தயிர மடியில கட்டிக்கிட்டா போவாங்க? வெந்துரும்."

"கழுவுன தயிரு வேவாது. எனக்கு உன்ன மாதிரி எத்தனையோ பேரத் தெரியும்."

அவளுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. என் பக்கம் திரும்பினாள். "அண்ணா, நீங்க சொல்லுங்க. பதினோரு வருஷமா என்னப் பாக்கறீங்க."

முதலாளியும் என்னைப் பார்த்தார். "அவரு என்னத்தச் சொல்றது? அங்கமுத்து, தண்ணி தெளிவுதானே?"

"தெளிவுதானுங்க" என்றேன். அதுதான் உண்மை. வேறு என்ன சொல்வது?

திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்றார். அவள் கையைக் கழுவாமலே போனாள். பட்டறையில் கை கழுவிய தண்ணீரைக்கூட வெளியே விடுவதில்லை, அதிலும் வெள்ளி இருக்கும் என்று தொட்டியில் சேர்ப்போம். முதலாளி கூப்பிட்டு நிறுத்தி, கையைக் கழுவிவிட்டுப் போகச் சொன்னார். திரும்பி வந்து கழுவினாள்.

மார்ச் 16, ஞாயிறு

வகுப்பில் என் பக்கத்து இடம் காலி. டீச்சர் கேட்டார். உடம்புக்கு முடியவில்லை போலிருக்கிறது என்றேன்.

மத்தியானம் சுகந்தி வீட்டில் காலைக் கழுவக் குளியலறைக்குப் போனேன். மூலையில் கவிழ்த்துவைத்திருந்த வாளியை நிமிர்த்தினால் அடியெல்லாம் நாவல் பழ நிறம். "என்னம்மா வாளி இப்பிடி இருக்குது?" என்று கேட்டேன்.

"தெரியலப்பா. நானும் செங்கல் வெச்சுத் தேய்ச்சுப் பாத்துட்டேன், போவ மாட்டேங்குது. அவுரு அதுல யாரும் கை வெக்கக் கூடாதுன்றாரு."

மாப்பிள்ளை கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். நான் இரண்டாவது தடவை சோறு வாங்கவில்லை. வயிறு சரியில்லை என்றேன்.

மார்ச் 17, திங்கள்

உப்பை நாக்கில் வைத்துப் பார்த்தேன். இனித்தது.

மார்ச் 18, செவ்வாய்

டப்பாவில் இருந்தது பொடித்த சர்க்கரை. அடிவரைக்கும் சர்க்கரை. சர்க்கரைக்கு வெள்ளி அசையாது. எத்தனை நாள் அதைப் போட்டு, தெளிவு, தெளிவு, போகலாம் என்று சொன்னேன் என்று தெரியவில்லை. காகிதம் ஒட்டிய நாளிலிருந்து நான் ருசி பார்க்கவில்லை. எழுதியிருப்பது நான் எழுதியது, அதனால் உள்ளே இருப்பதும் அதுதான் என்று நம்பினேன். இப்படி ஒரு முட்டாள்தனம் எழுத்துத் தெரியாதவனாக இருந்தபோது எனக்கு வந்ததில்லை.

கடையில் உப்பு வாங்கி நிரப்பினேன்.

யார் மாற்றியது என்று எனக்குத் தெரியாது. நீ படிக்கும்போதும் தெரியாது என்றே படித்துக்கொள்.

மார்ச் 9ஆம் தேதிப் பக்கத்தையும் 16ஆம் தேதிப் பக்கத்தையும் கிழித்துவிடலாம் என்று பார்த்தேன். மனசு வரவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு காலைப்பொழுது போயிருக்கிறது. 16ஆம் தேதியில் 'நாவல்' நன்றாக வந்திருக்கிறது.

மார்ச் 20, வியாழன்

வேலை விட்டதும் சுகந்தி வீட்டுக்குப் போனேன். வியாழக்கிழமை நான் போகிற நாள் இல்லை. மூவரும் உட்கார்ந்து தோசை சாப்பிட்டோம்.

"மாப்ள, வாசல் உப்ப மாத்திட்டேன்" என்றேன்.

அவர் தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். "ஏன் மாமா, பழசு என்னாச்சு?"

"எறும்பு வந்துருச்சு."

"உப்புக்கு எங்காச்சும் எறும்பு வருமாப்பா?" என்று சுகந்தி சிரித்தாள்.

"வந்துச்சும்மா. இனிமே தினமும் நாக்குல வெச்சுப் பாத்துட்டுத்தான் போடறதா இருக்கேன். உங்க பாட்டிலுக்கும்தான் மாப்ள."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். "சரிங்க மாமா" என்றார். பிறகு எழுந்து கை கழுவப் போனவர் வெகுநேரம் வரவில்லை. சுகந்தி அவர் தட்டில் இன்னொரு தோசை வைத்தாள். அது ஆறிப்போயிற்று.

மார்ச் 22, சனி

எல்லோர் பாட்டிலும் தெளிவு. இது நிஜ உப்பு.

முதலாளி சிரித்த முகத்தோடு வந்தார். "பாத்தீங்களா அங்கமுத்து, அவ போனா, வெள்ளி சரியாப் போச்சு. இந்த வாரம் ஒரு குண்டுமணி கொறையல. கடைவீதியில நாலு பட்டறைக்கும் சொல்லி வெச்சிட்டேன், அவளச் சேத்துக்காதீங்கன்னு."

களவை நிறுத்தினால் எல்லாம் அடங்கிவிடும் என்றுதான் நினைத்தேன். நின்றுபோனதே அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்லும் என்று நினைக்கவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

வகுப்புக்குப் போகாமல் பச்சியம்மாள் வீட்டுக்குப் போனேன். அவள் ஜவ்வரிசி ஆலைக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்திருந்தாள். ஆள் வேண்டாம் என்றார்களாம். எனக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

"எழுதிப் பாக்கறியா?" என்று கேட்டேன்.

"எதுக்கண்ணா? திருடின்னு எழுதிப் பாக்கவா?"

அவளே சொன்னாள்: "நீங்க தண்ணியில இல்லைன்னுட்டீங்க. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். அப்ப எப்பிடிப் போயிருக்கும்? எனக்கே சந்தேகமா இருக்குதண்ணா. கழுவையில மாராப்புல ஒட்டிக்கிட்டு வந்திருக்குமோ, தெரியாம வீட்டுல தொவைச்சு ஊத்திட்டனோன்னு. பழைய சீலையெல்லாம் எடுத்து வெயில்ல விரிச்சுப் பாத்தேன், எங்கயாச்சும் கறுக்குதான்னு."

கொடியில் நாலைந்து சேலைகள் கிடந்தன. ஒன்றிலும் கறை இல்லை.

தண்ணீரைக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

மார்ச் 24, திங்கள்

இன்று எழுத எதுவும் இல்லை.

மார்ச் 25, செவ்வாய்

முதலாளி அறைக்குப் போனேன். "வாசல் உப்பு உப்பில்லீங்க, சர்க்கரை. பச்சியம்மா எடுக்கல. தண்ணியிலதான் போயிருக்குது" என்றேன்.

அவர் நம்பவில்லை. நான் எடுத்துவைத்திருந்த சர்க்கரையைக் காட்டினேன். விரலால் தொட்டு நக்கினார். அவர் முகம் மாறியது.

"யாரு மாத்துனது?"

"டப்பா என்கிட்டதானுங்க இருந்துச்சு."

"அதக் கேக்கல. தொட்டியில நிக்கறது உங்க மருமகன். வாசலுக்கு வருவானா?"

"வந்ததே இல்லீங்க."

"டீ கொண்டாரானே, நானே பாத்திருக்கேனே."

"டீ வாங்க நான்தானுங்க உள்ள போவேன். நீங்க அதத்தான் பாத்திருப்பீங்க."

சர்க்கரையை என் பக்கமாகத் தள்ளினார். "அப்ப டப்பாவத் தொட்டது நீங்க ஒருத்தருதான்."

நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

"இந்த வயசுல எதுக்குய்யா இது?" என்றார். முன்பு எப்போதும் என்னை 'ய்யா' போட்டுப் பேசியதில்லை. போலீசுக்குச் சொல்லவில்லை, வாசல் பக்கம் இனி வரக் கூடாது என்றார். நான் பச்சியம்மாளைப் பற்றிக் கேட்டேன். அவளை நாளைக்கே வரச் சொல்வதாகவும், நான்கு பட்டறைக்கும் மாற்றிச் சொல்லிவிடுவதாகவும் சொன்னார். அதைச் செய்வார். கோபக்காரர், ஆனால் சொன்னதைச் செய்வார்.

இங்கே எழுதியிருப்பது எல்லாம் நடந்தது நடந்தபடிதான். நான் முதலாளியிடம் என்ன சொன்னேனோ அதுவே உனக்கும்.

மார்ச் 26, புதன்

உன் அப்பா வந்திருந்தார். ஒரு கிலோ ஆரஞ்சு வாங்கிவந்தார். கட்டிலில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தார்.

"மாமா" என்றார். ஆரஞ்சுப் பையை என் பக்கம் நகர்த்தினார். மறுபடியும் "மாமா" என்றார்.

"சாப்டீங்களா மாப்ள?"

"நான் வேலைய வுட்டுர்றேன் மாமா. நேராப் போயி..."

"ஒண்ணும் வேண்டாம். சுகந்திக்கு ஆசுபத்திரிக்கு ஆள் வேணும். வேலைக்குப் போங்க. பாட்டில் மட்டும் சின்னதா வாங்கிக்குங்க."

தலையைக் குனிந்துகொண்டே இருந்தார். அவர் கண் ஏன் கலங்கியது என்று நான் கேட்கவில்லை. நெஞ்சில் புகை அடைத்திருக்கலாம், அந்த வேலையில் எல்லோருக்கும் வருவதுதான். ஆரஞ்சு புளிப்பு.

மார்ச் 28, வெள்ளி

காலையில் பழக்கத்தில் எழுந்து குளித்துவிட்டேன். பிறகு போக இடம் இல்லை என்று ஞாபகம் வந்தது. பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து ஒவ்வொரு பஸ்ஸாகப் படித்தேன். அயோத்தியாப்பட்டணம் என்று ஒரே மூச்சில் படித்தேன். பக்கத்தில் சொல்ல ஆள் இல்லை.

மார்ச் 30, ஞாயிறு

வகுப்புக்குப் போனேன். பச்சியம்மாள் வந்திருந்தாள். புதன்கிழமையிலிருந்து மறுபடியும் பட்டறையில் தயிர் கழுவுகிறாள். விரல் கறுப்பு புதிதாக ஏறியிருந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். என் பக்கத்து இடத்தைத் துண்டால் தட்டிவிட்டேன்.

அவள் முன் வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

வகுப்பு முடிந்ததும் வாசலில் நின்றேன். அடுத்த ஞாயிறு சுகந்திக்கு வளைகாப்பு. பச்சியம்மா அத்தை கட்டாயம் வர வேண்டும், அவள் கையால் முதல் வளையல் போட வேண்டும் என்று சுகந்தி சொல்லியனுப்பியிருந்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. நான் பட்டறையை விட்டது நெஞ்சு வலிக்காக என்று சொல்லிவைத்திருக்கிறோம்.

நான் விஷயத்தைச் சொன்னேன். பச்சியம்மாள் கேட்டுக்கொண்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, நோட்டைச் சேலைக்குள் செருகிக்கொண்டே இருந்தாள்.

"எங்கூட்டுக்கு வந்து உக்காந்தீங்களே அன்னிக்கு. நான் சீலைய விரிச்சுக் காட்டினேனே. அப்பவும் வாயத் தொறக்கலையே நீங்க."

"அம்மா, நான்..."

"சுகந்தி நல்ல புள்ள. அவளுக்காவ வரப் பாக்கறேன் பெரியவரே."

பெரியவரே என்றாள். தெருவில் வழி கேட்கிறவர்கள் என்னை அப்படிக் கூப்பிடுவார்கள்.

உண்மையைச் சொல்லியிருந்தால் மறுபடியும் அண்ணா என்றிருப்பாள். சொல்லவில்லை. அவள் தெரு முனை திரும்பும் வரை பார்த்துவிட்டு உள்ளே போனேன். டீச்சர் என் நோட்டை வாங்கிப் பக்கங்களை எண்ணிப் பார்த்துவிட்டு, வகுப்பிலேயே நான்தான் அதிகம் எழுதியிருப்பதாகச் சொன்னார். எழுத்தும் கோட்டின் மேல் நிற்கத் தொடங்கிவிட்டதாம்.

நாளை வளையல் கடைக்குப் போக வேண்டும். சந்தனக் கும்பாவுக்குச் சொல்லியாகிவிட்டது. ஐந்து வகைச் சோறு கட்டுகிறோம், அதில் எலுமிச்சைச் சோறு என் பொறுப்பு. வளைகாப்புக்கு யார் யார் வந்தார்கள், உன் அம்மாவுக்கு முதல் வளையல் யார் போட்டார்கள் என்பதை அடுத்த வாரம் உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன்.